வெள்ளை அடித்த உத்தரம்

அத்தியாயம் பதினொன்று

தம்பியிடம் சொல்லாமல் தில்லையம்மாள் கடலூருக்குப் போனது அதுவே முதல் தடவை.

சிதம்பரத்தில் பாசஞ்சர் ஏறியதிலிருந்து அவள் மனசு ஒரு நிலையில் இல்லை. பரங்கிப்பேட்டையில் மீன்கூடைகளோடு ஏறிய பெண்கள் இடம் கேட்டபோதுகூட, இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் நகர்ந்து உட்கார்ந்தாள். முந்தாநாள் பொன்னுரங்கம் பேசிவிட்டுப் போனதே காதில் ஓடிக்கொண்டிருந்தது.

"வூடு முடிச்சாச்சிக்கா. புதுப்பாளையத்துல மாடிப் போர்ஷன். மாமா ஆபீசுக்கு நடந்தே போயிடலாம். எல்லாத்தையும் நான் பாத்துட்டேன்."

"நானும் ஒரு தடவ வந்து பாத்துடறேன்டா" என்று அவள் சொன்னதும் அவன் முகம் வாடிப்போயிற்று. "என் மேல நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டவன், போட்ட இலையைத் தொடாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

நம்பிக்கை இல்லாமல் என்ன. அம்மா போனபோது அவனுக்கு நாலு வயசு. அவள் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. கடலூர் முதுநகரில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் அவனுக்கு வேலை கிடைத்த அன்றைக்குத் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தவள் அவள். மங்கலத்தைத் தேடிப் பிடித்துக் கட்டி வைத்தவளும் அவள்தான்.

ஆனால் இது ராஜாமணியின் மூச்சு. அவளுடைய ஒன்பது வயசு மகளுக்கு ஈரச் சுவர் பக்கத்தில் இரண்டு ராத்திரி படுத்தாலே இழுப்பு வந்துவிடும். கணவர் சாமிக்கண்ணுவுக்குக் கலெக்டர் ஆபீசுக்கு மாற்றல் உத்தரவு வந்த நாளிலிருந்து தில்லையம்மாள் கேட்டதெல்லாம் ஒரு காய்ந்த வீடுதான். போன வாரம் ஆபீஸ் வேலையாகக் கடலூருக்குப் போன அவர், தம்பி முன்பே சொல்லியிருந்த அந்த வீட்டைப் பார்க்க நேரமில்லை என்று திரும்பி வந்துவிட்டார். அதனால்தான் இன்றைக்கு அவளே கிளம்பினாள்.

திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, கெடிலம் பாலத்தைத் தாண்டி, விசாரித்துக்கொண்டே நடந்தாள். கட்டடத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. அந்தத் தெருவில் அது ஒன்றுதான் மாடிக் கட்டடம். கீழே நாலு குடித்தனம், மேலே நாலு குடித்தனம். நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு.

திட்டக்குடி, புவனகிரி, சிதம்பரம் என்று கணவரின் மாற்றல்களோடு வீடு மாறி மாறி தில்லையம்மாளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. வீட்டுக்காரர் காட்டுவதைக் கடைசியில்தான் பார்ப்பாள். முதலில் சாக்கடை எங்கே போகிறதென்று பார்ப்பாள். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். பிறகு குடியிருப்பவர்களிடம் பேசுவாள்.

தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. சாக்கடை பின்சுவர் ஓரத்தில் தேங்கிக் கிடந்தது. சுவர்களில் பழைய வெள்ளம் ஏறிய கறை, முழங்கால் உயரத்துக்குக் கோடு போட்டதுபோல் ஓடியது. 'கீழேதானே, நாம் மாடியில்தானே இருக்கப் போகிறோம்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கிணற்றடியில் ஓர் அம்மாள் துணி அலசிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துப்பட்டியைத் தலையைச் சுற்றிச் செருகியிருந்தாள்.

"மாடியில ஒரு போர்ஷன் காலியா இருக்குன்னு சொன்னாங்க" என்று தில்லையம்மாள் பேச்சைத் தொடங்கினாள்.

அந்த அம்மாள் நிமிர்ந்து அவளை நன்றாகப் பார்த்தாள். "எந்த ஊர் தங்கச்சி?"

"சிதம்பரம்."

"அதான்" என்றாள் அவள். துணியைப் பிழிந்தாள்.

"அதான்னா?"

"உள்ளூர்க்காரங்க யாரும் வந்து கேக்க மாட்டாங்க. சரி, உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க."

அவள் பெயர் ஆசியா உம்மாள். புருஷன் பினாங்கில் கடையில் இருக்கிறார். இரண்டு பெண்களோடு கீழ்ப் போர்ஷனில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறாள். உள்ளே நுழைந்ததும் தில்லையம்மாளுக்கு ஒன்று வித்தியாசமாகப் பட்டது. அவ்வளவு பெரிய கூடத்தில் கட்டில், பெட்டி, பாய்ச்சுருள் எல்லாம் வாசல் பக்கத்து மூலையில் நெருக்கி அடைத்துக் கிடந்தன. கூடத்தின் நடுவில் ஒரு சாமான் கிடையாது.

"ஏன் எல்லாத்தையும் ஒரே மூலையில போட்டிருக்கீங்க?"

ஆசியா உம்மாள் மேலே கையைக் காட்டினாள். "இதுக்கு மேலதான் நீங்க கேக்குற போர்ஷன். மேல ஆளு நடமாட ஆரம்பிச்சா நாங்க எங்க படுக்கறதுன்னு யோசிச்சிக்கினு இருக்கோம்."

பிறகு அவள் மூடி மறைக்காமல் சொன்னாள். ஐப்பசி மழையில் மாடிப் போர்ஷனின் மேல்தளம் ஒரு பக்கம் அப்படியே இறங்கிவிட்டது. முத்தம்மாள் என்ற சின்னப் பெண், வாத்தியார் பெண்டாட்டி, அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். தோள்பட்டை எலும்பு நொறுங்கிப் போயிற்று. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தக் கையால் அவள் இனிமேல் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது.

"அப்புறம் ரிப்பேர் பண்ணலியா?"

"விழுந்த எடத்துக்கு மட்டும் காரை பூசினாங்க. உத்தரத்தை மாத்தல. எங்க தலைக்கு மேல இருக்கறதும் சேத்து எல்லாம் செல்லு அரிச்ச கட்டை. மேல வெள்ளை அடிச்சிட்டாங்க."

"வீட்டுக்காரர்கிட்ட நீங்க சொல்லலியா?"

"மொதலாளி பாண்டிச்சேரியில இருக்காரு. பெருநாளுக்குப் பெருநாளு எட்டிப் பாக்கறதோட சரி. எல்லாம் மேனேஜர்தான். அவரு பேசினா தேன் மாதிரி இருக்கும் தங்கச்சி. குடி வர்ற வரைக்கும் அம்மா, தாயிம்பாரு. வந்த பிறகு ஓடு ஒடஞ்சிருக்குன்னு சொல்லிப் பாருங்க, புடிக்கலன்னா காலி பண்ணுங்கம்பாரு. நான் கல்யாணம் ஆவாத ரெண்டு கொமருங்களை வெச்சிக்கினு எங்க போவேன்? வாயை மூடிக்கினு கெடக்கேன்."

"இப்ப என்கிட்ட சொல்றீங்களே."

ஆசியா உம்மாள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "முத்தம்மா குடி வந்தப்ப நான் ஒண்ணும் சொல்லல. அப்பவே உத்தரத்துலேருந்து மாவு கொட்டிக்கினு இருந்துச்சி. எனக்குத் தெரியும்."

தில்லையம்மாளுக்கு முதலில் வந்தது தம்பி மேல் இரக்கம்தான். பாவம், அவனையும் எவனோ தேனாகப் பேசி ஏமாற்றியிருக்கிறான். நல்லவேளை, நாம் வந்து பார்த்தோம். இப்படி நினைத்துக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.

சுண்ணாம்பு காய்வதற்காகப் போர்ஷன் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். கட்டடம் முழுக்கப் பழுத்த மஞ்சள் நிறத்தில் இருக்க, இந்த ஒரு போர்ஷன் மட்டும் கண்ணைப் பறித்தது. தில்லையம்மாள் குடையைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் உத்தரத்தைத் தட்டினாள். பறை மாதிரி வெற்றுச் சத்தம் கேட்டது. குடையின் கூர்முனையால் குத்தினாள். வெண்ணெயில் இறங்குவதுபோல் முனை உள்ளே இறங்கியது. இழுத்தபோது பொலபொலவென்று மரத்தூள் அவள் தலையிலும் தோளிலும் கொட்டிற்று.

அப்போதுதான் கீழே சைக்கிள் நிறுத்தும் சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு குரலும் கேட்டன.

"யாரோ பொம்பள வந்து விசாரிச்சிட்டுப் போச்சாம்? கடையில சொல்றான். வூடு பாக்க ஆளு வந்தா வாயைத் தொறக்கக் கூடாதுன்னு எத்தினி தடவ சொல்லியிருக்கேன்? இருக்கறதுக்கு இஷ்டமா இல்லியா உங்களுக்கு?"

ஆசியா உம்மாள் பதில் சொன்னது மாடிக்குக் கேட்கவில்லை.

"மேல போயிருக்காங்களா? போர்ஷனை யாரைக் கேட்டுக் காட்டினீங்க? மேனேஜர் நானா, நீங்களா?"

தில்லையம்மாள் அசையாமல் நின்றாள். அந்தக் குரல் மழலையாக இருந்தபோதே அவளுக்குப் பழக்கம். உடைந்து ஆண்பிள்ளைக் குரலானபோது கேலி செய்து சிரித்தவள். இப்படி ஒரு தொனி அதற்கு உண்டு என்பது மட்டும் தெரியாது.

படியேறி வந்த பொன்னுரங்கம் வாசலில் அவளைப் பார்த்துவிட்டு நின்றான். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தான். கையில் சாவிக்கொத்து. சட்டென்று முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டான்.

"அக்கா, நீயா? சொல்லியிருந்தா டேசனுக்கு வந்திருப்பேனே."

"மேனேஜர் யாருடா?"

"அது... சும்மா கூடமாட ஒத்தாசை. மொதலாளி தெரிஞ்சவரு."

"கப்பல் ஆபீஸ்?"

அவன் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"பொன்னுரங்கம், கப்பல் ஆபீஸ் இன்னா ஆச்சு?"

"எடுத்துட்டாங்க. ஒண்ணரை வருஷம் ஆவுது. தொறமுகத்துல வேலை கொறஞ்சி போச்சி. உங்கிட்ட எந்த மூஞ்சியை வெச்சிக்கினு சொல்றது?"

அதை மன்னிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. உண்மையில் அந்தக் கணமே மன்னித்தும்விட்டாள். அவள் விரல் மட்டும் தானாக மேலே நீண்டது.

"இதுக்குக் கீழ ராஜாமணியைப் படுக்கப் போட நெனச்சியா?"

"அக்கா, அதெல்லாம் இனிமே விழாது. கொத்தனாரே சொன்னான்."

தில்லையம்மாள் தன் தலையிலிருந்த தூளை விரலால் வழித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளங்கையை மூடிக்கொண்டான். "பொங்கலுக்குள்ள இதுல குடி வெக்கலன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. இதுவும் போச்சின்னா நானும் மங்கலமும் இன்னாக்கா பண்றது? ஊர்ல ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க. நான் கேட்டா நீ ஒருத்திதான் மறுக்க மாட்ட. அதனாலதான்."

அவன் அதை நல்ல வார்த்தையாகவே சொன்னான். பாசத்தைச் சொல்வதாகத்தான் அவன் நினைப்பு. தில்லையம்மாள் ஈரம் காயாத சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். ஊரில் அத்தனை பேருக்கும் அவனைப் பற்றித் தெரிந்திருக்கிறது. அவனை நம்புகிற ஒரே ஆள் நான் என்பதால் என்னைத் தேடி வந்திருக்கிறான்.

"எனக்கு உடம்பு முடியாம போனா யார்கிட்டடா விடுவேன் எம்பொண்ண? உன்கிட்டன்னுதான் இத்தினி நாளும் நெனச்சிக்கினு இருந்தேன்."

"அப்பிடிப் பேசாதக்கா. நான் மட்டுமா? மாமாவும் பாத்துட்டுத்தான் சரின்னாரு."

"எந்த மாமா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பார்வையைத் தாழ்த்தினான். "போன வாரம் வந்தாரு. இதே எடத்துல நின்னு பாத்தாரு. உத்தரத்தையும் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. சரி மச்சான்னாரு."

கீழே ஆசியா உம்மாள் வாளியைக் கிணற்றில் இறக்கும் ராட்டினச் சத்தம் கேட்டது. தில்லையம்மாள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

கடைசியில் சொன்னாள்: "நான் பாண்டிச்சேரிக்கு எழுதப் போறதில்ல. யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. உன் பொழப்பைக் கெடுக்கறதுக்கு உன்னை வளக்கல. ஆனா இந்தப் போர்ஷனைப் பூட்டு. உத்தரத்தை மாத்தாம ஒரு ஈ காக்கா உள்ள வரக்கூடாது. அந்த அம்மாவையும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

"பூட்டிடறேன்கா. ஒம்மேல சத்தியம்."

அவள் கண்ணெதிரேதான் பூட்டினான். டேசன் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்து வந்தான். வண்டி கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் தலையைத் தடவிக் கொடுக்கத் தூக்கிய கையை, ஏனோ, தில்லையம்மாள் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள்.

சிதம்பரத்தில் மாலைகட்டித் தெரு வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது, சாமிக்கண்ணு சமையல் பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தார். ராஜாமணி தெருவில் விளையாடப் போயிருந்தாள்.

"எங்க போயிட்ட? பக்கத்து வூட்டுலகூடச் சொல்லிக்காம?" என்றார்.

"கடலூருக்கு. வூடு பாக்க."

அவர் கை நின்றது. முடிச்சை அவிழ்க்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

"நீங்க போன வாரமே பாத்தாச்சாமே" என்றாள் தில்லையம்மாள். "நேரமில்லன்னு சொன்னீங்க."

சாமிக்கண்ணு சத்தமாகப் பேசுகிற மனிதர் இல்லை. கோபம் வந்தாலும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். இன்றைக்குப் போகவில்லை.

"பாத்தேன்" என்றார்.

"உத்தரம்?"

"அதையும் பாத்தேன்."

"பாத்துட்டு எப்பிடிங்க சரின்னு சொன்னீங்க?"

"நான் வேணாம்னா நீ விட்டிருப்பியா? அவன் கல்யாணத்துல நான் ஒரு வார்த்த சொன்னேன், ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. அவன் வேலையைப் பத்திச் சந்தேகமா கேட்டேன், உங்களுக்கு எங்க வூட்டு ஆளுங்கன்னா எளப்பம்னு அழுத. மச்சானைப் பத்தி என் வாயால இனிமே ஒண்ணும் சொல்றதில்லன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். நீயே போயிப் பாத்துத் தெரிஞ்சிக்கோன்னு விட்டேன்."

"நான் பாக்காம இருந்திருந்தா?"

"குடி போறதுக்கு முன்னால எப்பிடியும் ஏதாவது சாக்குச் சொல்லி..."

"சாமானைக் கட்டிக்கினு இருக்கீங்க."

அவர் கோணியைப் பார்த்தார். தான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"உங்க வீம்புக்கும் என் பாசத்துக்கும் நடுவுல கொழந்தையைப் படுக்க வெச்சிருப்போம்" என்றாள் தில்லையம்மாள். "உத்தரம் விழறப்ப யாரு மச்சான், யாரு தம்பின்னு பாத்தா விழும்?"

சாமிக்கண்ணு முடிச்சை அவிழ்த்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினார். அவள் உதவி செய்யவில்லை, தடுக்கவும் இல்லை. அவரோடு சண்டை போடக்கூட அவளிடம் தெம்பு இல்லை. ஒரே நாளில் இரண்டு பேர். தம்பியாவது பயத்தில் செய்தான். இவர் தெரிந்தே சும்மா இருந்தார். எது பெரிது என்று அவளால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் நிழலாடியது. கடலூர் பஸ்ஸில் வந்த புழுதியோடு மங்கலம் நின்றுகொண்டிருந்தாள். கையில் பை இல்லை. முடி கலைந்து, மாற்றுப் புடவைகூட எடுத்துக்கொள்ளாமல் வந்தவள் போலிருந்தாள்.

"வா மங்கலம். அவன் அனுப்பினானா?" என்று தில்லையம்மாள் எழுந்தாள்.

"அவருக்குத் தெரியாது அண்ணி. கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்." மங்கலம் உட்காரவில்லை. மூச்சு வாங்கியது. "நீங்க வந்துட்டுப் போனீங்களாமே. எல்லாத்தையும் சொன்னாரு. அழுதாரு. அப்புறம் மூஞ்சியக் கழுவிக்கினு சைக்கிளை எடுத்துக்கினு போனாரு. திரும்பி வந்து, போர்ஷன் முடிஞ்சிடுச்சி, கவலைப்படாதன்றாரு."

"எந்தப் போர்ஷன்?"

"அதேதான் அண்ணி. திருவதிகையிலேருந்து வந்து இங்க சத்திரத்துல தங்கியிருக்கற ஒரு குடும்பம் கேட்டுக்கினு இருந்துச்சி. வாடகையைக் கொறச்சிக் கேட்டதால, நீங்க வர்றீங்கன்னு அவுங்கள நிறுத்தி வெச்சிருந்தாரு. நாளைக்குக் காலையில பால் காய்ச்சறாங்களாம்." மங்கலம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு முழுகாம இருக்குது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பக்கமா இருக்கட்டும்னு வூடு தேடினாங்களாம். ஊருக்குப் புதுசு. யாரையும் தெரியாது."

சத்தியம் செய்துவிட்டுப் போன அன்றைக்கே, சூரியன் இறங்குவதற்குள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதானே, அப்போதே அவன் மனசில் திருவதிகை இருந்திருக்குமா?

இருந்திருக்கும் என்று நினைத்தபோது தில்லையம்மாளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஓர் இடம் மரத்துப்போனதுபோல் இருந்தது.

அலமாரி பக்கத்தில் நின்றிருந்த சாமிக்கண்ணு மெதுவாகச் சொன்னார்: "நானும் வர்றேன். காலையில மொத வண்டிக்குப் போயிடலாம்."

"நீங்க ராஜாமணியைப் பாத்துக்கங்க" என்றாள் தில்லையம்மாள். "நான் போறேன். போயி அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்றேன். பாண்டிச்சேரி விலாசமும் வாங்கிட்டு வர்றேன்."

"சொன்னா மச்சான் பொழப்பு போயிடும்."

"தெரியும்."

மங்கலம் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தாள். "எம்பொழப்பும்தான் அண்ணி" என்றாள். "அது தெரிஞ்சிதான் பஸ் ஏறினேன்."

தில்லையம்மாள் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மங்கலத்தின் கை சில்லிட்டிருந்தது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.